கையெழுத்து சரியாகத்தான் இருந்தது

கொஞ்சம் தள்ளி உக்காரும்மா. நாலு பேர் உக்காருத பெஞ்சு இது. ரெண்டு பேரும் பையைப் பரப்பி வச்சா மத்தவன் எங்க உக்காருவான்? ஏ பாப்பா, அந்தக் குடையை எடு. குடையை எடுங்கேன். உன் மகளா இது? நான் பாட்டுக்கு சொல்லிக்கிட்டே இருக்கேன், சன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு பாரு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வயசுல மூத்தவன் பேசினா திரும்பிப் பாக்கக்கூட கழுத்து வலிக்குது. சரி விடு, நீ எந்திரிக்க வேண்டாம். நானே எடுத்துக் கீழ வச்சிட்டேன்.

பதினோரு மணிக்குக் கூப்பிடுவோம்னாங்க. இப்ப பன்னெண்டரை. நுகர்வோர் கோர்ட்டுன்னு சொல்லக் கூடாதாம், ஆணையம்னுதான் சொல்லணுமாம். பேரை மாத்திட்டா இந்த வராண்டா ஃபேன் சுத்திருமா? டீ ஒண்ணு வாங்கிக் குடிச்சேன் கீழ. அதை டீன்னு வித்தவன் மேல இங்கேயே ஒரு கேஸ் போடலாம்.

நான் இந்தப் பேப்பரைப் படிச்சுக்கிட்டேதான் பேசுவேன், தப்பா நினைக்காதே. பழக்கம் அப்படி. முப்பத்தி நாலு வருஷம் பேங்குல அதிகாரியா இருந்தவன். பேரு கோமதிநாயகம். கடைசிப் பதினோரு வருஷம் வாகைக்குளம் கிளை, சேமிப்புக் கணக்குப் பிரிவு. என்ன, நீயும் வாகைக்குளமா? அப்பமே நினைச்சேன். கையில புகையிலை வாசம் அடிக்குது. பீடி சுத்துதியா? அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு அதுதான. அப்ப நம்ம பேங்குல உனக்கும் ஒரு கணக்கு கிடக்கும். இருக்கட்டும், இருக்கட்டும். எல்லாருக்கும் இருக்கு. அதுதானே இப்ப தலைவலியே.

என்ன கேஸ்னு கேக்கே. என் மேல ஒரு கைநாட்டுப் பொம்பளை கேஸ் போட்டிருக்கா. பேங்க் மேலயும் போட்டிருக்கா, என் மேலயும் போட்டிருக்கா. பேரு பேச்சித்தாய். இந்தா, முதல் பக்கத்துலயே இருக்கு. அவ புருஷன் கல்குவாரி லாரி அடிச்சுச் செத்துப் போனான். நஷ்ட ஈடா நாலு லட்சத்து அறுபதாயிரம் வந்தது. அதை நம்ம கிளையில டெபாசிட்டாப் போட்டு வச்சிருந்தா. மக ஒண்ணு இருக்காம், காது கேக்காதாம், வாயும் பேசாதாம். தனக்குப் பெறகு மக யார் கையையும் எதிர்பாக்கக் கூடாதுன்னு அதுல கை வைக்காம வச்சிருந்தாளாம். மனுவுல மூணு பக்கம் அழுதிருக்கா. அழுதது அவ இல்ல, அவளுக்கு எழுதிக் குடுத்த வக்கீல். இலவச சட்ட உதவியில வந்த பொண்ணு. நேத்துப் படிச்சு முடிச்சிட்டு இன்னைக்குக் கோட்டு மாட்டியிருக்கு.

அந்தப் பணம் போயிட்டு. அவ கொழுந்தன் மகன் ஒருத்தன், சுடலைராஜ்னு, மொத்தத்தையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். எங்க போனான்னு போலீஸுக்கே தெரியலை. வீட்டுக்குள்ள இருந்த திருடனை இவ விட்டுட்டு, கவுன்ட்டர்ல இருந்த என்னைப் பிடிச்சிக்கிட்டா. இது நியாயமா, நீயே சொல்லு.

எப்படி எடுத்தான்னு கேக்கியா? சொல்லுதேன். கைநாட்டுக் கணக்குன்னு ஒண்ணு உண்டு, உனக்குத் தெரிஞ்சிருக்கும். செக் புக் கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஆளே நேர்ல வரணும். போட்டோவையும் முகத்தையும் பாத்து, அதிகாரி முன்னால பெருவிரல் உருட்டணும். ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம். மையைத் தொட்டுட்டு அதைச் சுவத்துல துடைச்சிட்டுப் போவாங்க சவத்தெழவு. எங்க கிளைச் சுவரைப் பாத்திருப்பே. பீடி சுத்துறவங்களுக்கு ரேகையும் தேஞ்சு போயிருக்கும். உருட்டினா வெறும் கறுப்புப் பொட்டுதான் விழும். நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், ஒரு கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டு வாங்க, உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லதுன்னு.

ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி. பென்ஷன் நாள். வாசல் வரைக்கும் கூட்டம். இந்த சுடலைராஜ் ஒரு ஃபாரத்தைக் கொண்டாந்து நீட்டினான். ‘எங்க பெரியம்மா கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க சார், கணக்கை மாத்திக் குடுங்க’ன்னான். பக்கத்துல ஒருத்தி நின்னா. சேலை தலையில போட்டிருந்துச்சு, அது மட்டும் கண்ணுல பட்டுது. ‘போடும்மா’ன்னேன். போட்டா. என்ன கையெழுத்துங்கே! ஒரு தடங்கல் கிடையாது. சரசரன்னு எழுதிக் கடைசியில கீழ ஒரு கோடு இழுத்தா. மூணு இடத்துலயும் ஒண்ணுபோல இருந்துச்சு. எனக்குச் சந்தோஷமாப் போச்சு. ‘என் முன்னிலையில் கையெழுத்திட்டார்’னு எழுதி முத்திரையைக் குத்திட்டேன். அடுத்த ஆளுன்னு கூப்பிட்டேன்.

அது பேச்சித்தாய் இல்லையாம். எவளோ ஒருத்தியாம். எனக்கு எப்படித் தெரியும்?

போன வாய்தாவுல வாதாடுதப்ப அந்த வக்கீல் பொண்ணு என்னைப் பாத்துக் கேக்குது, ‘வாழ்க்கையில பேனாவே பிடிக்காத அம்மா கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டாங்களே, உங்களுக்குச் சந்தேகம் வரலையா?’ன்னு. சந்தேகப்படணுமாம்! சந்தேகப்பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? ‘படிக்காதவன்னு என்னைக் கேவலப்படுத்திட்டான்’னு புகார்ப் பெட்டியில எழுதிப் போட்டிருப்பா. சந்தேகப்படலைன்னா கேஸ் போடுவா. பெறகு அந்தப் பொண்ணு புஸ்தகத்தைப் பிரிச்சு வச்சிக்கிட்டுப் படிக்குது. வாடிக்கையாளர் பணத்தை நியாயமான கவனத்தோட பாத்துக்கிறது பேங்கோட கடமையாம். சந்தேகப்பட வேண்டிய இடத்துல கண்ணை மூடிக்கிட்டு, அப்புறமாக் கையெழுத்து சரியா இருந்துச்சுன்னு சொல்லித் தப்பிக்க முடியாதாம். கடமையாம். கவனமாம். நாங்க என்ன இவங்களுக்குத் தாய்மாமனா? சீர் செய்யணுமா?

நான் வேலைக்குச் சேந்த புதுசுல எங்க மேனேஜர் ஒரு விஷயம் சொல்லிக் குடுத்தார். ‘தம்பி, கையெழுத்தைப் பாரு, ஆளைப் பாக்காதே. ஆளைப் பாத்தா இரக்கம் வரும். இரக்கம் வந்தா தப்பு வரும்.’ அவ்வளவுதான். அதைப் பிடிச்சிக்கிட்டேன். முப்பத்தி நாலு வருஷம். கவுன்ட்டர் ஓட்டையில வருத கையைப் பாப்பேன், தாளைப் பாப்பேன். முகத்தைப் பாத்ததே இல்லை. ஒரு தடவை என் வீட்டுக்காரியே டெபாசிட் போட வந்து நின்னிருக்கா. ஸ்லிப்பை வாங்கிப் பாத்துட்டு, ‘தேதி எழுதலை, எழுதிட்டு வா, அடுத்த ஆளு’ன்னு தள்ளி விட்டுட்டேன். மூணு நாள் அவ என்கூட பேசலை. மேனேஜர் அதை ஸ்டாஃப் மீட்டிங்ல எல்லாருக்கும் சொன்னார். கோமதிநாயகத்துக்கு முன்னால பெண்டாட்டியும் ஒண்ணுதான், பிச்சைக்காரியும் ஒண்ணுதான்னார். எல்லாரும் கை தட்டினாங்க. அப்பேர்ப்பட்டவன்கிட்ட வந்து ஒரு சின்னப் பொண்ணு முகத்தைப் பாத்தியான்னு கேக்குது.

தண்ணி வச்சிருக்கியா? கொஞ்சம் குடு. இந்த மாடிப்படி ஏறினதுல தொண்டை வறண்டு போச்சு.

இந்தா, அந்த வக்கீல் பொண்ணே போகுது பாரு, கோட்டைக் கையில சுருட்டிக்கிட்டு. நம்ம பக்கம் பாத்துக் கையை வேற காட்டுது. பாத்தியா? போன வாய்தாவுல நான் எழுதிக் குடுத்த பதில்ல ஒரு மரியாதை வந்திருக்கு. போகட்டும்.

எங்க விட்டேன்? ஆங், முகம். இன்னைக்குத்தான் என் சாட்சி. நான் எழுதிக் குடுத்தது போதாது, நேர்ல வந்து சொல்லட்டும்னு ஆணையத் தலைவரம்மா சொல்லிட்டாங்க. பேங்க் வக்கீல் நேத்தே என்னைக் கூப்பிட்டு வச்சுப் பாடம் நடத்திட்டார். ரெண்டே வரி. ஒண்ணு, ‘போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒத்திருந்தன.’ இந்தா, பென்சில்ல எழுதிக் குடுத்திருக்கார். நான் அந்த ஒண்ணாம் தேதி முகத்தைப் பாக்கலைன்னு உண்மையைச் சொன்னா பேங்குக்குக் கடமை தவறினதா ஆயிருமாம். தவறினதா ஆனா பணத்தைப் பேங்க் குடுக்கணும். பேங்க் குடுத்தா அதை என்கிட்ட இருந்து பிடிக்கும். என் கிராஜுட்டியில ஆறு லட்சத்தை இப்பவே நிறுத்தி வச்சிருக்கான் பாவி. கேஸ் சாதகமாப் போச்சுன்னா அடுத்த மாசமே விட்டுருவானாம். நான் என்ன செய்யணும், சொல்லு. என் பணத்தை நான் பாக்கணும்லா.

என்ன, ரெண்டாவது வரியா? அது கொஞ்சம் சிக்கல் பிடிச்சது. இரு, சொல்லுதேன். உன்கிட்ட சொன்னா என்ன, நீ யாரு, நான் யாரு. இந்தப் படியை விட்டு இறங்கினா மறந்து போச்சு.

அவ மனுவுல எழுதியிருக்கா, ஒம்பதாம் தேதி நான் பேங்குக்குப் போனேன், சார் என்னை விரட்டி விட்டுட்டார்னு. பேங்க் வக்கீல் சொல்லுதார், ‘அப்படி ஒருத்தியும் வரவே இல்லைன்னு அடிச்சுச் சொல்லுங்க’ன்னு. அதான் ரெண்டாவது வரி. ‘ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மனுதாரர் கிளைக்கு வரவில்லை.’ கேமரா படம் மூணு மாசத்துல அழிஞ்சிரும், அதனால அதுல ஒண்ணும் கிடையாது. ரெஜிஸ்தர்ல எழுதுற விஷயமும் இல்லை. நான் சொல்லுததுதான் சாட்சி.

வந்தாளா இல்லையான்னா கேக்கே?

வந்தாம்மா. வராம என்ன. நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா அன்னைக்கு எனக்கு வந்த கோவம் அப்படி. மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு கை உள்ள வந்துது, பெருவிரல்ல மையைத் தடவி ரெடியா வச்சிக்கிட்டு. பாஸ்புக்கை வாங்கிக் கம்ப்யூட்டர்ல பாத்தேன். கையெழுத்துக் கணக்குன்னு மாறியிருக்கு, மாத்தினதே நான்தான். ‘என்னம்மா, ஒண்ணாம் தேதி ஜோராக் கையெழுத்துப் போட்டே, இன்னைக்கு விரலை நீட்டுதே? கைநாட்டு இனிமே செல்லாது, கையெழுத்துப் போடு’ன்னேன். ‘எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே சார்’ங்கா. ‘ஒண்ணாம் தேதி நான் வரவே இல்லையே சார்’ங்கா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துட்டு. எழுதப் படிக்கத் தெரிஞ்ச பெறகும் கைநாட்டுச் சலுகை வேணுமாம் இவளுக்கு. ‘நடிக்காதே, போ. போய் கையெழுத்தை ஞாபகப்படுத்திக்கிட்டு வா’ன்னு பாஸ்புக்கைத் தூக்கி வெளிய போட்டேன். பின்னால நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க. மக காதுக்கு மாட்டுத மெஷின் ரிப்பேராம், எண்ணூறு ரூபா வேணுமாம். அதையே சொல்லிக்கிட்டு நின்னா. அடுத்த ஆளுன்னுட்டேன்.

சிரிப்பு வரலையா உனக்கு? அங்க நின்னிருந்தா நீயும் சிரிச்சிருப்பே.

என்ன? சத்தமாக் கேளு. அன்னைக்குப் பணம் இருந்துச்சான்னா?

இருந்துச்சு. முழுசா இருந்துச்சு. திரையில என் கண்ணு முன்னாலதான் கிடந்தது, நாலு லட்சத்து அறுபதாயிரமும் அது போட்ட வட்டியும். அவன் டெபாசிட்டை உடைச்சது பதிமூணாம் தேதி. நாலு நாள் கழிச்சு. அந்த நாலு நாள்ல நான் ஒரு போன் பண்ணியிருந்தா, கணக்கை நிறுத்தி வைன்னு ஒரு வார்த்தை மேனேஜர்கிட்டச் சொல்லியிருந்தா நின்னிருக்கும்னு வக்கீல் பொண்ணு சொல்லும். சொல்லட்டும். அதைச் சொல்லுததுக்கு நான் முதல்ல அவ வந்தான்னு ஒத்துக்கணும்லா. நான் எதுக்கு ஒத்துக்கிடணும்?

பதிமூணாம் தேதியும் என் சீட்டுதான். ஒண்ணாம் தேதி கார்டுல வாங்கி வச்ச கையெழுத்தையும் ஸ்லிப்புல இருக்கிற கையெழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒரே கையெழுத்து. அந்தக் கீழ்க்கோடு கூட அப்படியே இருந்துச்சு. எவன் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன், கையெழுத்து சரியாகத்தான் இருந்துச்சு. என் வேலையில பிசகு கிடையாது.

ஏம்மா, அந்தத் தண்ணியை நான் இன்னும் குடிச்சு முடிக்கலை. பாட்டிலைப் பிடுங்கியா வாங்குவாங்க? கேட்டா குடுத்திருப்பேன்லா. நல்லா வளத்திருக்காங்க உங்களை எல்லாம். உனக்கு என்ன, அவ உனக்குச் சொந்தக்காரியா? ஒரே ஊர்க்காரின்னதும் பாசம் பொங்குதாக்கும்.

என் வீட்டுக்காரியும் இப்படித்தான். விஷயத்தைக் கேட்டதுல இருந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியுதா. ‘ஒரு தரம் நிமிந்து பாத்திருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போயிரும்’ங்கா. பதினோரு வருஷம் மாசத்துக்கு ஒரு தடவை அந்தம்மா வந்திருக்காளே, ஒரு தடவையாவது பாக்கலையாங்கா. நான் கேக்கேன், பாத்து என்ன செய்ய? ஒரு நாளைக்கு இருநூறு பேர். எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான். வெயில்ல கறுத்துப் போயி, எதையோ கேக்குத மாதிரி வச்சிக்கிட்டு நிக்கும். அதைப் பாத்துப் பாத்து நான் என்ன பரீட்சையா எழுதப் போறேன்? காலையில கிளம்புதப்ப அவ இன்னொண்ணு சொன்னா. ‘உள்ள போயி அந்தம்மாவை அடையாளம் காட்டச் சொன்னா என்ன செய்வீங்க’ன்னா. நல்லாக் கேட்டா. அதுக்கும் வக்கீல்கிட்ட வழி கேட்டுட்டேன். அது சுலபம். எதிர் பெஞ்சுல அந்த வக்கீல் பொண்ணுக்குப் பக்கத்துல எவ உக்காந்திருக்காளோ அவதான் பேச்சித்தாய். கையைக் காட்டிட்டு, ‘இவங்கதான், நல்லாத் தெரியும், பல வருஷமாப் பாத்திருக்கேன்’னு சொல்லிரணும். முடிஞ்சு போச்சு.

ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிடுதேன், நீ கேளு. ‘போட்டோவையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒத்திருந்தன. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மனுதாரர் கிளைக்கு வரவில்லை.’ சத்தம் போதுமா? குரல் நடுங்கலையே? நடுங்காது. பொய்யா சொல்லுதேன் நடுங்குததுக்கு. வந்தான்னு சொல்லுததுக்கு எழுத்துல ஒண்ணுமே இல்லைன்னா, வராத மாதிரிதானே. பேங்குல எழுத்துதான் எல்லாம்.

அந்தா, டவாலி வெளிய வந்துட்டான். கூப்பிடப் போறான். என் கண்ணாடிக் கூட்டை எங்க வச்சேன், இங்கன பெஞ்சு மேலதானே... ஆங், இருக்கு.

பேச்சித்தாய்னு கூப்பிடுதான். நம்ம கேஸ்தான். ரெண்டாந்தரமும் கூப்பிட்டுட்டான், இன்னும் ஒருத்தியும் வரக் காணோம். இந்தக் கூட்டத்துல எந்த மூலையில நிக்காளோ. பணம் வேணும்னா நேரத்துக்கு வந்து நிக்கத் தெரிய வேண்டாமா?

என்னம்மா, நீ எதுக்கு எந்திரிக்கே? மகளையும் கையைப் பிடிச்சு இழுக்கே? குடையை எடுத்துக்கிட்டு எங்க கிளம்பிட்டே, உள்ளயா? ஏம்மா, உன்னைத்தான். காது கேக்கலையா உனக்கும்? உன்னைக் கூப்பிடலை. வா, வந்து உக்காரு. அவங்க கூப்பிட்டது பேச்சித்தாயை.